முதல் கட்டுச் சாவி இரண்டாம் கட்டைத் திறக்காது: சப்டொமைன் சான்றிதழ்ப் பிழைகளைச் சரிசெய்யும் முறை

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இணையதளம் வைத்திருக்கும் சிறு வணிகர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் சிக்கல் ஒன்று உண்டு. கடையின் முதன்மைத் தளம் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கிறது. ஆனால் பலகார ஆர்டர் எடுப்பதற்கென்றோ, ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரிகளைக் காட்டுவதற்கென்றோ, கானாடுகாத்தானில் பழைய வீட்டில் தங்க வருபவர்கள் அறை பதிவு செய்வதற்கென்றோ தனியாக வைத்த சப்டொமைன் (டொமைன் பெயருக்கு முன்னே ஒரு சொல் சேர்த்த முகவரி) மட்டும், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கைப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதைக் கண்டதும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்குகிறார்கள், அல்லது "எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வந்துவிடுங்கள்" என்று வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள். முதலாவது பல நேரம் வீண் செலவு, ஏனென்றால் கோளாறு சான்றிதழில் இல்லாமல், டொமைன் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவில் இருக்கலாம். இரண்டாவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. எச்சரிக்கையைத் தாண்டிப் பழகியவர், நாளை உங்கள் கடையின் பெயரில் வேறொருவர் போலிப் பக்கம் வைத்தாலும் அதே பழக்கத்தில் அட்டை எண்ணைத் தட்டிவிடுவார்.

எதையும் மாற்றுவதற்கு முன் சான்றிதழைத் திறந்து படித்துப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வேலையைத் தொடங்க மூன்று பொருள்கள் கையில் இருக்க வேண்டும்: ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தின் கடவுச்சொல், டொமைன் பதிவு செய்த கணக்கின் கடவுச்சொல், வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இயங்கும் ஒரு கைப்பேசி. இரண்டாவது கடவுச்சொல் நம் பக்கத்துக் குடும்பக் கடைகளில் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தம்பியின் மின்னஞ்சலில் கிடக்கும். அதை இன்றே கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் முகவரிகளை எடுத்துக்காட்டு.காம் என்ற பெயரை வைத்துத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது உங்கள் டொமைனின் ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள்.

தேதியைப் பார்த்துவிடுங்கள்

எச்சரிக்கை ஒரே ஒரு கணினியில் மட்டும் வருகிறது, மற்ற எல்லாவற்றிலும் தளம் திறக்கிறது என்றால், அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். கல்லாவில் பத்து வருடமாக இருக்கும் கணினியில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தக் கணினியின் கணக்கில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. இது இல்லையென்றால் மேலே தொடருங்கள்.

சான்றிதழைப் படித்தல்

குரோம் உலாவியில் எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதில் 'டேட்' என்ற சொல் வந்தால் காலாவதி அல்லது தேதிக் கோளாறு. 'காமன் நேம்' என்று வந்தால் பெயர் பொருந்தவில்லை. 'அத்தாரிட்டி' என்று வந்தால் ஒப்பமிட்டவரை உலாவி ஏற்கவில்லை. பலருக்குத் தெரியாத ஒன்று, கணினியில் அந்தக் குறியீட்டின் மேலேயே சொடுக்கலாம் என்பது. சொடுக்கினால் சான்றிதழ் யார் பெயரில் உள்ளது, யார் வழங்கினார், எப்போது முடிகிறது, உங்கள் கணினி இன்றைய தேதி எது என்று நினைக்கிறது ஆகிய எல்லாம் அங்கேயே விரியும். முகவரிப் பட்டையின் இடப்பக்கம் சொடுக்கியும் சான்றிதழை முழுமையாகத் திறக்கலாம்.

திறந்ததும் மாற்றுப் பெயர்கள் என்ற பட்டியலைத் தேடுங்கள். முன்பு சான்றிதழின் தலைப்புப் பெயரையும் உலாவிகள் ஏற்றுக்கொண்டன. 2017இல் வந்த குரோம் 58 முதல் தலைப்புப் பெயரை அது கணக்கில் எடுப்பதே இல்லை, மாற்றுப் பெயர்ப் பட்டியலை மட்டுமே பார்க்கிறது. எனவே தலைப்பில் உங்கள் கடையின் பெயர் அழகாக இருந்தாலும், பட்டியலில் அந்த சப்டொமைன் இல்லையென்றால் பிழைதான். ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ள பெயர்கள், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வழங்கிய நிறுவனம்.

தமிழிலேயே .இந்தியா என்று முடியும் டொமைன் வைத்திருப்பவர்கள் பட்டியலில் தமிழ்ப் பெயரைக் காணாமல் திகைக்க வேண்டாம். சான்றிதழுக்குள் அப்பெயர் 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளும் முன்னே வர, ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் பதிவாகியிருக்கும். அது பிழையல்ல.

பெயர் பொருந்தாதபோது

சப்டொமைன் சிக்கல்களில் நான் அதிகம் காண்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டு.காம் என்ற பெயருக்கு வாங்கிய சான்றிதழ் ஆர்டர்.எடுத்துக்காட்டு.காம் என்ற பெயருக்குத் தானாகச் செல்லாது. இதைத் தவிர்க்க, நட்சத்திரக் குறி இட்ட வைல்டுகார்டு சான்றிதழை வாங்கிவிட்டு, இனி எந்த சப்டொமைனுக்கும் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது.

நம் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், அதற்குப் பின் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு அடுத்த தெருவில் முடிகிறது. வைல்டுகார்டு சான்றிதழ், வளவைச் சுற்றியுள்ள அறைகள் அனைத்தையும் திறக்கும் ஒரே சாவி. ஆர்டர், பில், மெயில், கடை என்று எடுத்துக்காட்டு.காம் என்பதற்கு முன்னே ஒரே ஒரு சொல் வரும் பெயர்கள் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அது முகப்புக் கதவைத் திறக்காது; வெறும் எடுத்துக்காட்டு.காம் என்ற பெயரைச் சான்றிதழில் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டாம் கட்டின் அறையையும் அது திறக்காது, டெஸ்ட்.ஆர்டர்.எடுத்துக்காட்டு.காம் என்று இரண்டு சொல் முன்னே வந்தால் எச்சரிக்கை வரும். டபிள்யூடபிள்யூடபிள்யூ என்பதும் ஒரு சொல்தான் என்பதை மறந்து, ஆர்டர் என்பதற்கு முன்னால் அதையும் பழக்கத்தில் சேர்த்து விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை இலவசமாகத் தரும் பொதுச் சான்றிதழும் முகப்பையும் முதல் கட்டையும் மட்டுமே தாங்கும். இரண்டாம் கட்டுப் பெயர் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் டெஸ்ட்-ஆர்டர் என்று சிறு கோடு போட்டு ஒரே சொல்லாக்கிவிட்டால் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

அடுத்து, நீங்கள் எழுதி வைத்த தாளைப் பாருங்கள். பட்டியலில் உங்கள் பெயருக்குப் பதில் யார் பெயர் இருக்கிறது என்பதே கோளாறு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், வாடிக்கையாளர் சரியான சர்வருக்குத்தான் வந்திருக்கிறார்; அங்கே இந்த சப்டொமைனுக்கென்று சான்றிதழ் நிறுவப்படவில்லை, ஆகவே ஒரே முகவரியில் நூறு தளங்களை வைத்திருக்கும் அந்த சர்வர் தன் இயல்புச் சான்றிதழை நீட்டுகிறது. முதன்மை டொமைனின் பெயர் மட்டும் இருந்தால், சான்றிதழ் வாங்கும்போது சப்டொமைனைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். கொஞ்சமும் தொடர்பில்லாத வேறு யாரோ ஒருவரின் தளப் பெயர் இருந்தால், சப்டொமைன் நீங்கள் எப்போதோ விட்டுவிட்டு வந்த பழைய சர்வரின் முகவரியையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இதற்குப் புதுச் சான்றிதழ் வாங்கிப் பயனில்லை.

நான்காவது நிலை, அறை பதிவோ ஆன்லைன் கடையோ வெளி நிறுவனம் ஒன்றின் சேவையில் நடக்கும்போது வருவது. புக்கிங்.எடுத்துக்காட்டு.காம் என்ற பெயரைச் சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) வழியாக அந்நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்நிறுவனத்தின் பலகத்திலும் உள்ளே சென்று, இது என் டொமைன் என்று பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும்; அதன் பிறகுதான் அவர்கள் உங்கள் பெயரில் சான்றிதழ் எடுப்பார்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் நீங்கள் எத்தனை சான்றிதழ் நிறுவினாலும் இதற்கு உதவாது, ஏனென்றால் வாடிக்கையாளர் உங்கள் சர்வருக்கு வருவதே இல்லை.

டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபார்த்தல்

டொமைன் கணக்கில் நுழைந்து அந்த சப்டொமைனின் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் பாருங்கள். ஏ பதிவு பழைய வகையான ஐபிவி4 முகவரியையும், ஏஏஏஏ என்று எழுதப்படும் 'நான்கு ஏ' பதிவு புதிய வகையான ஐபிவி6 முகவரியையும் குறிக்கும். சர்வர் மாற்றும்போது நாம் ஏ பதிவை மட்டும் மாற்றிவிட்டு நான்கு ஏ பதிவை அப்படியே விட்டுவிடுவது வழக்கமான தவறு. நானே ஒரு டைல்ஸ் பட்டறையின் தளத்தில் இதைச் செய்தேன். என் அறையில் இருந்த பிராட்பேண்டில் தளம் ஒழுங்காகத் திறந்தது. பட்டறைக்காரர் தன் கைப்பேசியில் எச்சரிக்கை வருகிறது என்று மூன்று முறை அழைத்தார், நான் மூன்று முறையும் உலாவி சேமித்து வைத்த பழைய பக்கங்களை, அதாவது கேஷை, அழிக்கச் சொன்னேன். கடைசியில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடிக்கே வந்து, கைப்பேசியை என் மேசையில் வைத்தார். அவருடைய ஜியோ இணைப்பு ஐபிவி6 வழியாகச் சென்றது. என் பிராட்பேண்டில் ஐபிவி6 இல்லை. அவர் பார்த்தது பழைய சர்வரை, நான் பார்த்தது புதியதை. மொபைல் டேட்டாவில் இயங்கும் கைப்பேசி வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டது இதற்காகத்தான்.

பதிவை மாற்றியதும் உடனே எல்லா இடத்திலும் மாறிவிடாது. ஒவ்வொரு பதிவிலும் எத்தனை வினாடி வரை பழைய விடையை நினைவில் வைக்கலாம் என்ற டிடிஎல் எண் உண்டு. அது 86400 என்றிருந்தால் ஒரு நாள் முழுவதும் சிலருக்குப் பழைய சர்வரே தெரியும். சர்வர் மாற்றத் திட்டமிடும்போது முந்தைய நாளே அதை 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

பயன்படுத்தாத சப்டொமைன் பதிவுகள் கண்ணில் பட்டால் அப்போதே நீக்கிவிடுங்கள். நீங்கள் கைவிட்ட வெளிச் சேவையை நோக்கி நிற்கும் சிநேம் பதிவைப் பயன்படுத்தி, வேறொருவர் அச்சேவையில் உங்கள் பெயரைப் பதிவு செய்து, உங்கள் பெயரிலேயே முறையான சான்றிதழையும் எடுத்துவிட முடியும்.

சான்றிதழ் எடுத்தல்

சிறு கடைக்குக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டிய தேவை இன்று இல்லை என்பது என் கருத்து. 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகம் உள்ள ஹோஸ்டிங்கில் ஆட்டோஎஸ்எஸ்எல் என்ற வசதி சான்றிதழை எடுத்துத் தானே நிறுவிவிடும். சிபேனலில் முதலில் சப்டொமைனை உருவாக்கி, டிஎன்எஸ் அந்த சர்வரைக் காட்டுகிறது என்று உறுதிசெய்து, பிறகு எஸ்எஸ்எல் நிலைப் பக்கத்தில் ஆட்டோஎஸ்எஸ்எல்லை ஓடவிடுங்கள். இந்த வரிசை மாறினால் அது தோற்றுப்போகும், ஏனென்றால் பெயர் உங்களுடையதுதானா என்று சோதித்த பிறகே எந்தச் சான்றிதழும் வழங்கப்படும்.

லெட்ஸ் என்கிரிப்ட் அந்தச் சோதனையைப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செய்கிறது. ஒன்று, தளத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறு கோப்பை வைத்து, அதை 80ஆம் போர்ட் வழியாக வந்து படிப்பது. மற்றொன்று, டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவை இட்டுக் காட்டுவது. வைல்டுகார்டுக்கு, 2018 மார்ச்சில் அது அறிமுகமான நாளிலிருந்து, இரண்டாவது வழி மட்டுமே ஏற்கப்படுகிறது. முதல் வழி தோற்றால் மூன்று இடங்களில் தேடுங்கள்: பாதுகாப்பு என்று எண்ணி 80ஆம் போர்ட்டையே மூடிவைத்திருக்கலாம், டெஸ்ட் பார்ப்பதற்காக வைத்த சப்டொமைனுக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருக்கலாம், அல்லது மேலே சொன்ன பழைய நான்கு ஏ பதிவு இங்கேயும் வழிமறித்திருக்கலாம், ஏனென்றால் அப்பதிவு இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் ஐபிவி6 வழியாகவே வரும். இவை மூன்றும் இல்லையென்றால் சிஏஏ பதிவைப் பாருங்கள். எந்த நிறுவனம் உங்கள் பெயருக்குச் சான்றிதழ் தரலாம் என்று கட்டுப்படுத்தும் பதிவு அது. முதன்மை டொமைனில் அதை இட்டிருந்தால், தனக்கென்று வேறு பதிவு இல்லாத சப்டொமைன்களுக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும்.

தோற்றதும் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரு பெயருக்கு ஒரு கணக்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஐந்து சோதனைகள் தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். ஒரே பெயர்களுக்கான சான்றிதழை ஒரு வாரத்தில் ஐந்து முறைக்கு மேல் தராது. சொந்த சர்வரில், சான்றிதழை எடுத்துப் புதுப்பிக்கும் சர்ட்பாட் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதன் ஒத்திகை முறையில் முதலில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

கணினியில் சரி, கைப்பேசியில் பிழை

பெயரும் சரி, தேதியும் சரி, டிஎன்எஸ்ஸும் சரி, ஆனாலும் சில கைப்பேசிகளில் மட்டும் 'அத்தாரிட்டி' பிழை வருகிறது என்றால் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும். பர்மாவில் வட்டிக்கடை நடந்த காலத்தில் அங்கிருந்த முகவர் எழுதிய தாளை இங்கே ஏற்றுக்கொண்டது அந்த முகவரின் முகத்துக்காக அல்ல; அவர் எந்த விலாசத்தின், அதாவது எந்த வட்டிக்கடை நிறுவனத்தின், ஆள் என்பதற்காக. உலாவியும் அப்படித்தான். அதற்குத் தெரிந்தவை சில மூலச் சான்றிதழ்கள் மட்டுமே. உங்கள் சான்றிதழில் ஒப்பமிட்ட இடைநிலை நிறுவனத்தை அதற்கு அறிமுகப்படுத்தும் தாளை உங்கள் சர்வர்தான் சேர்த்து அனுப்ப வேண்டும். கணினி உலாவிகள் விடுபட்டதைத் தாமே தேடி எடுத்துக்கொள்வதால் உங்களுக்குக் குறை தெரியாது. ஆனால் பல கைப்பேசிச் செயலிகளும், பணம் வந்த தகவலை உங்கள் தளத்துக்கு அனுப்பும் சேவைகளும் அப்படித் தேடுவதில்லை. சர்ட்பாட் தரும் கோப்புகளில் 'செர்ட்' என்ற கோப்பை விட்டு 'ஃபுல்செயின்' என்ற கோப்பைச் சர்வர் அமைப்பில் குறிப்பிட்டால் இது தீரும். எஸ்எஸ்எல் லேப்ஸ் தளத்தில் சப்டொமைனின் பெயரைக் கொடுத்தால், மூலச் சான்றிதழ் வரையிலான சங்கிலி முழுமையாக இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

கிளவுட்ஃபிளேர் தனக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சர்வருக்கென்று தரும் ஆரிஜின் சான்றிதழை நிறுவியவர்களுக்கும் இதே பிழை வரும். அதைக் கிளவுட்ஃபிளேர் மட்டுமே நம்பும், உலாவிகள் நம்பா. கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் பக்கத்தில், அது நடுவே நிற்பதைக் காட்டும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்கினால் வாடிக்கையாளர் நேரே உங்கள் சர்வரைத் தொடுவார், எச்சரிக்கை வந்துவிடும்.

புதுப்பித்தல்

லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகாரக் கடைக்கு வைல்டுகார்டு எடுத்துத் தந்தேன். டெக்ஸ்ட் பதிவைக் கையால் இட்டுச் சோதனையை முடித்தேன். ஆடிப் பதினெட்டு அன்று நிறுவிய அச்சான்றிதழ், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மணகோலத்துக்கும் சீப்புச் சீடைக்கும் வெளியூர் ஆர்டர்கள் குவியும் வாரத்தில், ஆர்டர் பக்கத்தைச் சாத்திவிட்டது. கையால் இட்ட டெக்ஸ்ட் பதிவு தானாகப் புதுப்பிக்கப்படாது என்பதை நான் அறிந்திருந்தும், நாள்காட்டியில் குறிக்காமல் விட்டதன் விளைவு அது. டிஎன்எஸ் நிறுவனத்தின் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக சர்ட்பாட்டே பதிவை இடும்படி இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த வசதி இல்லாத இடத்தில், வைல்டுகார்டு ஆசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சப்டொமைனுக்கும் கோப்பு வழிச் சோதனையில் தனித்தனியாக எடுப்பதே நல்லது.

புதுப்பித்த பிறகும் பழைய தேதியே தெரிந்தால் பதற வேண்டாம். புதிய கோப்பு வட்டில் இருக்கும். என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ பழையதையே நினைவில் வைத்திருக்கும். சர்வர் மென்பொருளை ரீலோடு செய்தால் போதும்; ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அது தானாக நடக்கும்படி சர்ட்பாட்டில் அமைத்துவிடுங்கள். காலாவதிக்கு முன் மின்னஞ்சல் வரும் என்றும் காத்திருக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அந்த நினைவூட்டல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் குறைகிறது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கொரு முறை ஆளை அழைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இனி ஓடாது.

தாண்டும் பொத்தானே இல்லாத எச்சரிக்கை

சில சப்டொமைன்களில் உள்ளே செல்லும் பொத்தானே இராது. பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் என்ற கட்டளையை முதன்மைத் தளம் சப்டொமைன்களுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கும். அதை ஒருமுறை பெற்ற உலாவி, கட்டளையில் குறிப்பிட்ட காலம் முடியும் வரை விதிவிலக்கு தராது. சான்றிதழைச் சரிசெய்வதுதான் ஒரே வழி. இக்கட்டளையை நீங்கள் புதிதாக இடுவதாயிருந்தால், எல்லா சப்டொமைன்களும் சான்றிதழோடு திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, முதலில் சில நிமிடக் காலத்துக்கு மட்டும் இட்டுச் சோதியுங்கள்.

உதவி மையத்துக்கு எழுதும்போது

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லையென்றால் ஹோஸ்டிங் உதவி மையத்துக்கு எழுதுங்கள். "சைட் ஓப்பன் ஆகவில்லை" என்று எழுதினால் "கேஷை அழியுங்கள்" என்றே பதில் வரும். நானும் அந்தப் பதிலைத்தானே பட்டறைக்காரருக்குச் சொன்னேன். கீழ்க்கண்டவாறு எழுதினால் முதல் பதிலிலேயே வேலை நடக்க வாய்ப்புண்டு:

"ஆர்டர்.எடுத்துக்காட்டு.காம் என்ற சப்டொமைன் காலை 10 மணி முதல் சான்றிதழ்ப் பெயர்ப் பிழையைக் காட்டுகிறது. ஏ பதிவு உங்கள் சர்வரின் முகவரியையே காட்டுகிறது. நான்கு ஏ பதிவும் சிஏஏ பதிவும் இல்லை. சர்வர் அனுப்பும் சான்றிதழில் எங்கள் பெயருக்குப் பதில் உங்கள் நிறுவனப் பெயர் உள்ளது. ஆட்டோஎஸ்எஸ்எல் இருமுறை ஓடியும் தோற்றது. அதன் பதிவேட்டை இணைத்துள்ளேன். மொபைல் டேட்டாவிலும் பிராட்பேண்டிலும் ஒரே விளைவு."

ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கும்போது முகவரிப் பட்டை முழுவதும் தெரியும்படி எடுங்கள். எச்சரிக்கை வாசகத்தை மட்டும் வெட்டி அனுப்பினால், எந்த சப்டொமைன் என்று கேட்டு இன்னொரு நாள் போய்விடும்.